பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல்: முட்டை ஓடா, பயிர்ச் சாம்பலா, கரியா, எரிபொட்டாஷா?

பயன்படுத்திய சமையல் எண்ணெயைப் பயோடீசலாக மாற்ற முனைவோர் பெரும்பாலும் தயங்கி நிற்கும் இடம் வினையூக்கிதான். விற்பனைக்குக் கிடைக்கும் எரிபொட்டாஷை, அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடை, வாங்கிக் கலப்பதா; அல்லது முட்டை ஓடு, வாழைத்தோல், கரும்புச் சக்கை, உமி போன்ற வேளாண் கழிவுகளிலிருந்து வினையூக்கியைத் தாமே செய்துகொள்வதா என்ற கேள்விக்கு ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், ஏறக்குறைய எல்லாக் கழிவுப்பொருளும் 90 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் தருவதாகவே தோன்றும். அந்த எண்களை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. குடுவையில் நல்ல விளைச்சல் தந்த வினையூக்கி, நூறு கிலோ எண்ணெயைக் கையாளும் தொட்டிக்கு வந்தவுடன் கழுவ முடியாத சோப்பாகவோ, வடிகட்ட முடியாத சேறாகவோ மாறக்கூடும். வினையூக்கி இலவசமாகக் கிடைக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், வினை முடிந்த பிறகு அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வினையூக்கியைப் பற்றியதே அன்று. அது எண்ணெயைப் பற்றியது. எண்ணெய் என்பது ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த டிரைகிளிசரைடு. மெத்தனாலுடன் வினைபுரியும்போது கிளிசரால் பிரிந்து, மூன்று மெத்தில் எஸ்டர்கள் உருவாகின்றன. அந்த எஸ்டர்களின் கலவையே பயோடீசல். ஆனால் எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது, உணவிலிருந்து வெளியேறும் நீராவி டிரைகிளிசரைடுகளைச் சிதைத்து, பிணைப்பிலிருந்து விடுபட்ட கொழுப்பு அமிலங்களை எண்ணெயிலேயே விட்டுவிடுகிறது. இந்தத் தனிக் கொழுப்பு அமிலங்கள் கார வினையூக்கியோடு சேர்ந்தால் எஸ்டர் உருவாகாமல் சோப்பு உருவாகிறது. இதன் அளவைக் குறிப்பதே அமில எண்: ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தைச் சமன் செய்ய எத்தனை மில்லிகிராம் எரிபொட்டாஷ் தேவை என்பது. அமில எண்ணில் ஏறத்தாழப் பாதி, தனிக் கொழுப்பு அமிலத்தின் விழுக்காடு.

இதை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. 1 மில்லிலிட்டர் எண்ணெயை 10 மில்லிலிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீன் இரண்டு சொட்டு சேர்த்து, ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் எரிபொட்டாஷ் கரைத்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மாறாமல் நிற்கும்போது செலவான கரைசல் எத்தனை மில்லிலிட்டரோ, அதுவே கிட்டத்தட்ட அந்த எண்ணெயின் அமில எண். இந்த ஓர் எண் தெரியாமல் எந்த வினையூக்கி சிறந்தது என்று விவாதிப்பது வீண்.

இரண்டாவது அளவுகோல், எரிபொருளில் எஞ்சும் உலோகம். ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈ.என். 14214, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தும் அதே 5 மில்லிகிராம்தான். நூறு கிலோ பயோடீசலுக்குக் கணக்கிட்டால் இது வெறும் அரை கிராம். இந்த எல்லை மீறினால் எரிபொருள் உட்செலுத்தியிலும் வடிகட்டியிலும் படிவு சேரும்.

மூன்றாவது, மெத்தனாலின் அளவு. நூறு கிலோ எண்ணெயோடு உண்மையில் வினைபுரிவது ஏறத்தாழ 11 கிலோ மெத்தனால். ஆனால் வினை மீளக்கூடியது என்பதால், அதை எஸ்டர் பக்கம் தள்ளக் கூடுதல் மெத்தனால் வேண்டும். எரிபொட்டாஷுக்கு வழக்கமான 6:1 மூலக்கூறு விகிதத்தில், அதாவது ஓர் எண்ணெய் மூலக்கூறுக்கு ஆறு மெத்தனால் மூலக்கூறு என்ற கணக்கில், 22 கிலோ. சுண்ணாம்புக்குப் பலரும் பயன்படுத்தும் 12:1 விகிதத்தில் 44 கிலோ. கந்தக அமிலத்தால் அமிலத்தன்மை ஏற்றிய கரிக்கு 20:1 என்றால் 70 கிலோவுக்கும் மேல். மீதமாகும் மெத்தனாலைக் காய்ச்சி வடித்து மீட்காவிட்டால், வினையூக்கியில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு இங்கே இழக்க நேரிடும். ஒப்பீட்டுக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத மறைமுகச் செலவு இதுதான்.

நான்காவது, வினையூக்கியை மீண்டும் பயன்படுத்த முடியும் என்ற வாக்குறுதி எவ்வளவு உண்மை என்பது. ஐந்தாவது, அதைத் தயாரிக்கும் வேலையின் கடினமும் ஆபத்தும். மெத்தனாலின் ஆபத்து எல்லா வழிகளுக்கும் பொது: அது 65 பாகை செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும், அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றும், பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, சிறிதளவு உட்கொண்டாலும் பார்வையைப் பறிக்கும். எந்த வினையூக்கியை எடுத்தாலும் மூடிய தொட்டியும் திறந்தவெளிக் காற்றோட்டமும் கட்டாயம்.

## எரிபொட்டாஷ்: ஒப்பிடுவதற்கான அடிப்படை

வேளாண் கழிவு வினையூக்கிகளை மதிப்பிட வேண்டுமானால், அவை எதற்கு மாற்றாக வருகின்றன என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எண்ணெயின் எடையில் 1 விழுக்காடு எரிபொட்டாஷை மெத்தனாலில் கரைத்து, 60 பாகையில் ஒரு மணி நேரம் கலக்கினால், உலர்ந்த, அமிலம் குறைந்த எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் எஸ்டராகிவிடும். இங்கே ஒப்பிடும் கழிவு வினையூக்கிகளில் இந்த வேகத்தை மிஞ்சுவது எதுவும் இல்லை. நூறு கிலோ எண்ணெய்க்கு வேண்டியது ஒரே ஒரு கிலோ வினையூக்கி. ஆகவே அதை இலவசப் பொருளால் மாற்றினாலும் மொத்தச் செலவில் பெரிய மாற்றம் எதுவும் நிகழாது.

அதன் குறை அமிலத்தில் தெரியும். நூறு கிலோ எண்ணெயில் 5 விழுக்காடு தனிக் கொழுப்பு அமிலம் இருந்தால், அதைச் சமன் செய்ய மட்டுமே ஏறத்தாழ இன்னொரு கிலோ எரிபொட்டாஷ் செலவாகி, ஐந்தரை கிலோவுக்கும் மேல் சோப்பு உருவாகும். அந்தச் சோப்பு கிளிசராலையும் எஸ்டரையும் பிணைத்துப் பால்மமாக்கிவிடும். கழுவும் நீரோடு நல்ல எஸ்டரும் போய்விடும். அதனால்தான் அமில எண் 2-க்குள் இருந்தால் நேரடியாகவும், 4 வரை இருந்தால் இழப்பை ஏற்றுக்கொண்டும், அதற்கு மேல் போனால் முதலில் அமிலத்தைக் குறைத்த பிறகும் இதைப் பயன்படுத்துவது வழக்கம்.

கரைந்த வினையூக்கி என்பதால் மீட்க வழியில்லை. பெரும்பகுதி கிளிசரால் அடுக்கில் சேர்ந்து வெளியேறும், மீதியை வெந்நீரால் சில முறை கழுவி எடுக்க வேண்டும். கழுவுநீர்தான் இதன் மறைமுகச் செலவு. ஒரு நல்ல பக்கமும் உண்டு: கிளிசரால் அடுக்கிலிருந்து மெத்தனாலை நீக்கிவிட்டுப் பாஸ்பாரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால், பொட்டாசியம் பாஸ்பேட் படிகிறது, அது உரமாகப் பயன்படும். மலிவான எரிசோடாவுக்கு, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடுக்கு, இந்த வசதி இல்லை என்பதாலேயே நான் எரிபொட்டாஷை முன்வைக்கிறேன்.

எண்ணெய் நன்றாக இருந்து, கழுவுநீரைக் கையாள இடமும் இருந்தால், இதைவிட்டு வேறு வழிக்குப் போக வலுவான காரணம் வேண்டும்.

## முட்டை ஓட்டுச் சுண்ணாம்பு

முட்டை ஓட்டின் எடையில் ஏறத்தாழ 94 விழுக்காடு கால்சியம் கார்பனேட். கழுவி, உள்சவ்வை நீக்கி, உலர்த்திப் பொடித்து, 800 முதல் 900 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் சுட்டால், கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, மிஞ்சும். எடை கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். சிப்பி, நத்தை ஓடுகளும் இதே வழியில் இதே பொருளைத் தருகின்றன.

நூறு கிலோ எண்ணெய்க்கு 4 கிலோ சுண்ணாம்பு வேண்டுமென்று கொண்டால், ஏழரை கிலோ ஓடு தேவை. அது 1300-க்கும் மேற்பட்ட முட்டைகளின் ஓடு. முட்டை பதப்படுத்தும் இடம் அருகில் இருந்தாலன்றி, இந்த அளவைத் தொடர்ந்து சேர்ப்பதே ஒரு தொழிலாகிவிடும். சுடுவதற்கான ஆற்றலைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த அச்சம் மிகையானது. 4 கிலோ சுண்ணாம்பு உருவாக வேதியியல்படி தேவைப்படுவது ஏறத்தாழ 13 மெகாஜூல். உலையில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து ஐந்து மடங்காக வைத்தாலும் 65 மெகாஜூல்தான் ஆகும். நூறு கிலோ பயோடீசலில் உள்ள ஆற்றல் 3700 மெகாஜூலுக்குக் குறையாது. ஆகவே உண்மையான தடை ஆற்றலின் அளவன்று. 900 பாகையைச் சீராகத் தாங்கும் உலை ஒன்று கையில் இருப்பதே.

சுண்ணாம்பின் பெரிய கவர்ச்சி, அது மெத்தனாலில் மிகக் குறைவாகவே கரையும் திடப்பொருள் என்பது. வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம், கழுவுநீர் குறையும், கிளிசரால் தூய்மையாகக் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. இதில் ஒரு பகுதி மெய். ஆனால் மூன்று இடங்களில் எதிர்பார்ப்பு தளர்கிறது.

முதலாவது, காற்று. சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீற்றுச் சுண்ணாம்பாகவும், கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி மீண்டும் கார்பனேட்டாகவும் மாறத் தொடங்கும். சுட்ட பொடியைத் திறந்த தட்டில் இரவு முழுவதும் ஆறவிட்டு மறுநாள் பயன்படுத்தி, வினை நடக்கவில்லை என்று ஓட்டைக் குறை சொல்பவர்கள் பலர். சூடு தணிந்தும் தணியாமலும் இருக்கும்போதே காற்றுப் புகாத கொள்கலனில் அடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, வேகம். எண்ணெய், மெத்தனால், திடப்பொடி என மூன்று ஒட்டாத பொருள்கள் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும் என்பதால் தொடக்கத்தில் வினை மந்தமாகவே செல்லும். பிறகு கிளிசரால் உருவாகி, சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கிளிசரொலேட் ஆன பின் விரைவுபடும். இரண்டு முதல் நான்கு மணி நேர வலுவான கலக்கலைத் திட்டமிட வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் கால்சியம் சோப்பு. தனிக் கொழுப்பு அமிலம் இருந்தால் சுண்ணாம்பும் சோப்பாகும்; ஆனால் பொட்டாசியம் சோப்பு நீரில் கரைந்து போய்விடும், கால்சியம் சோப்பு போகாது. அது எஸ்டரில் மெல்லிய கலங்கலாகத் தங்கி, கழுவக் கழுவ நுரைப்படலமாக மிதக்கும். நான்கு கிலோ சுண்ணாம்பு போட்ட தொட்டியில் அரை கிராம் கால்சியம் மட்டுமே எஞ்சலாம் என்ற தரநிர்ணயத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவுவதோ, உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் அயனிப் பரிமாற்றப் பிசினில் செலுத்துவதோ இல்லாமல் அந்த எல்லைக்குள் வருவது அரிது. 'கழுவத் தேவையில்லாத வினையூக்கி' என்ற விளம்பரம் முழுமையாகப் பொருந்துவது அமிலமற்ற புதிய எண்ணெய்க்கே. பயன்படுத்திய எண்ணெய்க்கு அன்று.

மறுபயன்பாடும் அப்படியே. இரண்டாம், மூன்றாம் முறைகளில் துளைகளில் கிளிசராலும் எண்ணெயும் அடைத்துக்கொண்டு திறன் குறையும். மீண்டும் மெத்தனாலால் கழுவிச் சுட்டால் மீளும். மீண்டும் சுட வேண்டும் என்றால், புதிய ஓட்டைச் சுடுவதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சிறிதே.

## பயிர்ச் சாம்பல்கள்

வாழைத்தோல், வாழைத்தண்டு, கோக்கோ நெற்று ஓடு, எண்ணெய்ப்பனைக் குலைச்சக்கை ஆகியவற்றின் சாம்பலில் பொட்டாசியம் செறிந்திருக்கும். 500 முதல் 700 பாகையில் வெண்சாம்பலாகும் வரை எரித்தால் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். அத்துடன் பொட்டாசியம் குளோரைடு, சிலிக்கா, பாஸ்பேட்டுகள், சிறிது ஆக்சைடு. பொட்டாஷ் என்ற சொல்லே மரச்சாம்பலைச் சட்டியில் காய்ச்சி எடுத்த உப்பிலிருந்து வந்தது. எரிபொட்டாஷை மின்னாற்பகுத்து 1807-இல் ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்த தனிமத்துக்கும் அந்தச் சொல்லிலிருந்தே பொட்டாசியம் என்ற பெயர் வந்தது. அந்த வகையில் சாம்பல் வினையூக்கி புதுமையானதே அன்று. தொழிற்சாலைப் பொட்டாஷின் மூதாதை.

இந்தச் சாம்பலை ஆய்வுகள் பலவும் திட வினையூக்கி என்று வகைப்படுத்துகின்றன. அந்த வகைப்பாட்டை நான் ஏற்கவில்லை. பொட்டாசியம் கார்பனேட் மெத்தனாலில் ஓரளவு கரையும். கரைந்து, மெத்தனாலிலிருந்து மெத்தாக்சைடு என்ற வலுவான காரத்தைத் தந்து, கரைந்த காரமாகவே வேலை செய்யும். முதல் முறை அருமையாக இயங்கிய சாம்பல் இரண்டாம் முறை பாதியாகக் குறைவதற்குக் காரணம் அது தேய்ந்துபோனதன்று. அதன் பொட்டாசியம் ஏற்கெனவே கிளிசராலோடு போய்விட்டது, மீதமிருப்பது சிலிக்காவும் மண்ணும். எனவே சாம்பலைத் தேர்ந்தெடுப்பவர், திட வினையூக்கியின் நன்மைகளை எதிர்பார்க்காமல், சற்று மென்மையான, தூய்மை குறைந்த எரிபொட்டாஷாகவே அதைக் கருத வேண்டும். அப்படிக் கருதினால் ஏமாற்றமில்லை.

அந்த மென்மைக்கு ஒரு பயனும் உண்டு. எரிபொட்டாஷ் மெத்தனாலோடு சேரும்போது நீர் உருவாகிறது. கார்பனேட் சேரும்போது நீருக்குப் பதில் பைகார்பனேட் உருவாகிறது. நீர் குறைந்தால் எஸ்டர் சிதைந்து சோப்பாவதும் குறையும். ஆனால் எடையில் எரிபொட்டாஷைப் போல இரண்டு மூன்று மடங்கு சாம்பல் தேவைப்படும். எண்ணெயில் அமிலம் மிகுந்திருந்தால், கார்பனேட் அதனோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை நுரைத்துத் தள்ளும் என்பதால், தொட்டியை முழுவதும் நிரப்பாமலும் காற்றுப்போக்கியை அடைக்காமலும் இருக்க வேண்டும்.

மறைமுகச் செலவு இரண்டு. பச்சைத் தோலில் பெரும்பகுதி நீர். ஒரு கிலோ சாம்பலுக்குப் பல பத்துக் கிலோ தோலை உலர்த்தியாக வேண்டும், உலர்த்தும் இடத்தில் ஈயும் பூஞ்சணமும் வரும் முன்பே முடித்தாக வேண்டும். அடுத்தது சீரின்மை. மண், உரம், பயிரின் பகுதி, எரித்த வெப்பம் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்துச் சாம்பலின் காரத்தன்மை மாறும். எரிக்கும் வெப்பம் வரம்பு மீறினால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி ஆவியாகவே போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறை எரித்த சாம்பலையும் தெரிந்த செறிவுள்ள அமிலத்தால் தரம்பார்த்து, அதன் காரத்தன்மையைக் கணக்கிட்ட பிறகே தொட்டியில் இட வேண்டும். முந்தைய முறை 3 விழுக்காடு போட்டேன், இந்த முறையும் அதையே போடுகிறேன் என்பது சாம்பலுக்குப் பொருந்தாது.

கிளிசரால் அடுக்கில் சேரும் பொட்டாசியம், மெத்தனால் நீக்கி நடுநிலையாக்கியபின், வயலுக்கே திரும்பலாம். பயிர் எடுத்த சத்து பயிருக்கே சேரும் இந்தச் சுழற்சிதான் சாம்பல் வழியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வாழை அல்லது கோக்கோ பதப்படுத்தும் இடத்தில், உலர்ந்த கழிவை ஏற்கெனவே எரிபொருளாக எரிக்கும் உலை இருந்து, அமிலம் குறைந்த எண்ணெயும் கிடைத்தால் இது பொருத்தமான தேர்வு.

## சல்போனேற்றிய கரி

மேற்கண்ட மூன்றும் காரங்கள், இது அமிலம். 2005-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மிச்சிக்காஸு ஹாராவின் குழு, சர்க்கரையைப் பகுதியாகக் கரியாக்கி, கந்தக அமிலத்தால் சல்போனேற்றம் செய்து, பயோடீசலுக்கான திட அமில வினையூக்கியாக்கிக் காட்டியது. அதன் பின்னர் கரும்புச் சக்கை, உமி, தேங்காய் ஓடு, மக்காச்சோளத் தக்கை எனப் பல கழிவுகளில் இதே முறை முயலப்பட்டது. ஏறத்தாழ 400 பாகையில் காற்றில்லாமல் கரியாக்கி, பின் செறிந்த கந்தக அமிலத்தில் 150 பாகை அளவில் பல மணி நேரம் வைத்தால், கரியின் மேற்பரப்பில் சல்போனிக் அமிலத் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன.

இதன் தனிச்சிறப்பு, தனிக் கொழுப்பு அமிலத்தைக் கண்டு அஞ்சாதது. காரங்கள் சோப்பாக்கும் அதே அமிலத்தை இது எஸ்டராக்குகிறது. குறையாக இருந்தது விளைபொருளாகிறது. அமில எண் 10, 20 என்று இருக்கும் எண்ணெயை வேறெந்தக் கழிவு வினையூக்கியும் இவ்வளவு நிதானமாக ஏற்காது. ஆனால் டிரைகிளிசரைடை எஸ்டராக மாற்றுவதில் இது மிக மெதுவானது. நீண்ட நேரமும், கூடுதல் மெத்தனாலும், பெரும்பாலும் மெத்தனாலின் கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பமும் அதைத் தாங்கும் அழுத்தத் தொட்டியும் வேண்டும். எஸ்டராக்கத்தில் உருவாகும் நீரே பின்னர் வினையைத் தடுத்து நிறுத்தும் என்பதால், நீரை இடையில் பிரிக்கவும் வேண்டியிருக்கும்.

எனவே முழு வினைக்கும் இதையே நம்புவதைவிட, முதல் கட்டத்தில் கரியால் அமிலத்தைக் குறைத்து, வடிகட்டி, நீரை நீக்கி, இரண்டாம் கட்டத்தில் எரிபொட்டாஷையோ சாம்பலையோ பயன்படுத்துவதே அறிவுடைமை. திரவக் கந்தக அமிலமும் இந்த முதல் கட்டத்தைச் செய்யும். ஆனால் அது தொட்டியை அரிக்கும், பின்பு சேர்க்கும் காரத்தையும் விழுங்கும்.

தயாரிப்பைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கழிவுக் கரி என்ற பெயரின் பசுமைக்குப் பின்னால், ஒவ்வொரு கிராம் கரிக்கும் பல மடங்கு செறிந்த கந்தக அமிலமும், சூட்டில் எழும் கந்தக ஆக்சைடுப் புகையும், சல்பேட் சுவடு மறையும் வரை தொடரும் வெந்நீர்க் கழுவலும் இருக்கின்றன. எஞ்சும் அமிலத்தை மீண்டும் பயன்படுத்தவோ முறையாக நடுநிலையாக்கவோ ஏற்பாடு இல்லாத இடத்தில் இதைச் செய்வது, ஒரு கழிவை நீக்கி அதனினும் கொடிய கழிவை உண்டாக்குவதாகும். புகையுறிஞ்சி இல்லாத அறையில் இதை எவரும் முயலக் கூடாது. தொகுதிகள் சிறிது சிறிதாகக் கழன்று திறன் குறைவதும் உண்டு. எத்தனை முறை தாங்கும் என்பது கரியாக்கிய விதத்தைப் பொறுத்தது.

## உமிச் சாம்பல்

உமிச் சாம்பலைப் பலர் வாழைச் சாம்பலோடு ஒரே வரிசையில் வைக்கிறார்கள், அது தவறு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. சிலிக்கா காரமன்று, தனியாக இட்டால் வினை நடக்காது. சுண்ணாம்பைத் தாங்கும் தளமாகவோ, எரிசோடாவோடு சேர்த்துச் சோடியம் சிலிக்கேட்டாகவோ மாற்றினால்தான் பயன். 700 பாகைக்கு மேல் எரித்தால் படிகச் சிலிக்கா உருவாகும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆய்வுக்கு நல்ல பொருள். எரிபொருள் செய்ய வேண்டுமென்ற நோக்கத்தோடு தொடங்குபவருக்கு முதல் தேர்வாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எரிபொட்டாஷ் | முட்டை ஓட்டுச் சுண்ணாம்பு | பயிர்ச் சாம்பல் | சல்போனேற்றிய கரி |
|---|---|---|---|---|
| ஏற்கத்தக்க அமில எண் | 2 வரை. இழப்போடு 4 வரை | 2 வரை | 2 வரை | 4-க்கு மேலும் |
| 100 கிலோ எண்ணெய்க்கு அளவு | சுமார் 1 கிலோ | 3–5 கிலோ | 2–4 கிலோ, தரம்பார்த்து | 5 கிலோ அல்லது மேல் |
| மெத்தனால் விகிதம் | 6:1 | 9:1 முதல் 12:1 | 6:1 முதல் 12:1 | 15:1 முதல் 20:1 |
| வினை நேரம் | 1 மணி | 2–4 மணி | 1–2 மணி | பல மணி |
| வடிகட்டி மீட்பது | இயலாது | சில முறை, மீண்டும் சுட்டு | பெயரளவில் | இயலும், திறன் குறைந்து |
| எரிபொருளில் எஞ்சும் ஆபத்து | பொட்டாசியம். நீரால் கழுவலாம் | கால்சியம் சோப்பு. நீரால் போகாது | பொட்டாசியம். நீரால் கழுவலாம் | கழன்ற அமிலம் |
| தயாரிப்பின் முதன்மைத் தேவை | கையுறை, கண்காப்பு | 900 பாகை உலை | உலர்த்தும் இடம், தரம்பார்த்தல் | அமிலக் கழிவு ஏற்பாடு, புகையுறிஞ்சி |

அட்டவணையில் கொடுத்த விகிதங்களும் அளவுகளும் தொடங்குவதற்கான புள்ளிகள். சிறு குடுவையில் ஒரு லிட்டர் எண்ணெயில் சோதித்த பிறகே பெரிய தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

## எந்த நிலையில் எது

மாதந்தோறும் எரிபொருள் கிடைத்தாக வேண்டும், இயந்திரம் அதை நம்பி ஓடுகிறது, எண்ணெயும் நல்ல நிலையில் வருகிறது என்றால், எரிபொட்டாஷை விட்டு விலக வேண்டாம். கழிவுகளைப் பயன்படுத்தும் ஆர்வத்தை மெத்தனால் மீட்பிலும் கிளிசராலைப் பயனாக்குவதிலும் செலுத்தினால், சூழலுக்கும் கைப்பணத்துக்கும் கிடைக்கும் நன்மை வினையூக்கியை மாற்றுவதைவிடப் பெரிது.

கழுவுநீரை வெளியேற்ற வழியே இல்லாத இடத்தில், அமிலம் குறைந்த எண்ணெயும் உயர்வெப்ப உலையும் இருந்தால் சுண்ணாம்பு வெல்லும். பிசின் வடிகட்டியின் செலவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும். பொட்டாஷ் வாங்கக் கிடைக்காத தொலைவில், உலர்ந்த பயிர்க்கழிவு குவியும் இடத்தில், சாம்பல் வெல்லும். அமில எண் மிகுந்த எண்ணெய் மட்டுமே கிடைத்து, அமிலக் கழிவைக் கையாளத் தெரிந்த ஆய்வகமும் இருந்தால், முதல் கட்டத்துக்குக் கரி, இரண்டாம் கட்டத்துக்குக் காரம்.

அமில எண் 30-ஐத் தாண்டிய எண்ணெயையும், பலமுறை பொரித்துப் பாகுபோல் தடித்த எண்ணெயையும் சிறு அளவில் செய்பவர்கள் தொடாமல் விடுவதே நல்லது. சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்துபோன கொழுப்பு மூலக்கூறுகளை எந்த வினையூக்கியாலும் பிரிக்க முடியாது. அவை எஸ்டரில் தங்கிப் பாகுநிலையை உயர்த்தும். 40 பாகையில் நொடிக்கு 3.5 முதல் 5 சதுர மில்லிமீட்டர் என்ற ஐரோப்பிய வரம்புக்குள் அந்த எரிபொருள் வராது.

## தேர்வை உறுதிசெய்யும் இரண்டு சோதனைகள்

எந்தக் கழிவு வினையூக்கியை எடுத்தாலும், அது உண்மையில் திடப்பொருளாகவே வேலை செய்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. எண்ணெய் சேர்க்காமல், வினையூக்கியை மெத்தனாலில் மட்டும் 60 பாகையில் ஒரு மணி நேரம் கலக்கி, நுண்ணிய வடிதாளில் வடிகட்டி, திடப்பொருளை ஒதுக்கிவிட்டு, அந்தத் தெளிந்த மெத்தனாலைப் புதிய எண்ணெயோடு கலந்து சூடாக்க வேண்டும். கிளிசரால் அடுக்கு பிரிந்தால், வேலை செய்வது கரைந்துபோன காரம்தான்; மறுபயன்பாட்டுக் கணக்கை உடனே அழித்துவிட்டு, கழுவுநீர்க் கணக்கை எழுதத் தொடங்கலாம். சாம்பல்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தம் இயல்பைக் காட்டிவிடும். அடுக்கு பிரியாமல் எண்ணெய் மாறாது அப்படியே இருந்தால் இன்னும் ஒரு படி: அதே திடப்பொருளைப் புதிய வினையூக்கி எதுவும் சேர்க்காமல் தொடர்ந்து நான்கு முறை பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் விளைபொருளைச் சோதிக்க வேண்டும்.

அந்த விளைபொருள் சோதனை இது: தெளிந்த பயோடீசல் 3 மில்லிலிட்டரை அறை வெப்பநிலையிலுள்ள 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் இட்டுக் குலுக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். எஸ்டர் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. குழாயின் அடியில் ஒரு துளி எண்ணெய் தங்கினாலும் வினை முடியவில்லை. நான்காம் முறை அந்தத் துளி எவ்வளவு பெரிதாகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, வினையூக்கியை எத்தனை முறைக்குப் பின் மாற்றுவது என்று முடிவு செய்யலாம்.